எஸ்.பி.எம். பயமும் மதிப்பெண்ணும்: தோட்டப்புறப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம், ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் பெற்றோரைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் வரும். "அவனுக்கு அக்கறையே இல்லைங்க, எந்நேரமும் போன்தான்" என்பார்கள். இல்லாவிட்டால், "விடிய விடியப் படிக்கிறா, ஆனா மார்க் ஏறவே மாட்டேங்குது" என்பார்கள். பார்வைக்கு இவர்கள் நேர் எதிரான பிள்ளைகள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தால் இருவருக்குள்ளும் ஒரே பயம் இருப்பது தெரியும். ஒருவன் அதைப் பார்க்கப் பிடிக்காமல் போனுக்குள் ஓடுகிறான், இன்னொருத்தி அதை விரட்டத் தூக்கத்தைத் தொலைக்கிறாள்.

இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். "பயப்படாதே" என்று சொல்லி எந்தப் பயமும் போனதில்லை. மதிப்பெண் எந்த இடத்தில் குறைகிறது என்று தேடிப் பிடித்து அந்த இடத்தைச் சரிசெய்தால், பயத்தின் பெரும்பகுதி தானாக அடங்கும். மிச்சத்துக்குத்தான் ஆறுதலும் ஆலோசனையும் வேண்டும். நாம் வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: முதலில் அறிவுரை, அப்புறம் திட்டு, கடைசியில் இன்னொரு டியூஷன்.

அழுத்தம் மதிப்பெண்ணை என்ன செய்கிறது?

அழுத்தம் முழுக்கக் கெட்டது என்று சொல்ல முடியாது. 1908ஆம் ஆண்டில் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வேலை எளிதாக இருந்தபோது தூண்டுதல் கூடக் கூட எலிகள் வேகமாகக் கற்றுக்கொண்டன. வேலை கடினமானபோது மிதமான தூண்டுதல்தான் உதவியது, அதற்கு மேல் போனதும் கற்றல் பின்வாங்கியது. மனிதர்களிடமும் இதே போக்கைப் பின்னால் வந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆகவே சோதனைக்கு முந்தின வாரம் கொஞ்சம் படபடப்பு இருந்தால் நல்லதுதான், அதுதான் பிள்ளையைப் புத்தகத்தின் முன் உட்கார வைக்கிறது.

அளவு மீறும்போதுதான் சிக்கல். கணக்குப் போடும்போது பாதி விடையை மனத்தில் பிடித்துக்கொண்டே அடுத்த படியை யோசிக்கிறோம் இல்லையா? அப்படித் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் இடம் ஒரு சின்னப் பலகை போன்றது. அதில் நாலைந்து விஷயங்களுக்குத்தான் இடம் உண்டு. "பெயில் ஆனால் அப்பா என்ன சொல்வார்" என்ற கவலை அதில் பாதியை அடைத்துக்கொண்டால் கணக்குக்கு மீதிதான் மிஞ்சும். கார்டிசோல் என்ற ஹார்மோனும் பதற்றத்தில் கூடுகிறது. படித்து வைத்ததை நினைவிலிருந்து எடுப்பதை அது தடுக்கிறது. வீட்டில் ஒப்பித்த பாடம் மண்டபத்தில் மறந்துபோவது இதனால்தான். பிள்ளை பொய் சொல்லவில்லை.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதும் இல்லை. பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா ஆய்வில், 2015ஆம் ஆண்டு, அதை நடத்தும் ஓ.இ.சி.டி. அமைப்பின் உறுப்பு நாடுகளில் சராசரியாக 55 விழுக்காட்டு மாணவர்கள், நன்றாகத் தயார் செய்திருந்தாலும் சோதனைக்கு முன் மிகவும் பதற்றப்படுவதாகச் சொன்னார்கள். நம் நாட்டில் சுகாதார அமைச்சு 2022ல் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன.

நம் பிள்ளைகளுக்கு இப்போது இன்னொரு சுமையும் சேர்ந்திருக்கிறது. ஆறாம் ஆண்டில் எழுதிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ல் ரத்தானது, மூன்றாம் படிவத்தில் எழுதிய பி.டி.3 2022ல் ரத்தானது. அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் அதனால் இன்று ஐந்தாம் படிவத்தில் இருக்கும் பிள்ளைக்கு வாழ்க்கையின் முதல் பெரிய பொதுத்தேர்வே எஸ்.பி.எம்.தான். மண்டபத்தில் எண் பார்த்து உட்காருவதும், வெளி ஆசிரியர் தாள் கொடுப்பதும், நேரம் போவதைப் பார்ப்பதும் அந்த வயதுவரை பழகாத அனுபவம்.

முதல் படி: பழைய தாள்களை மேசையில் பரப்புங்கள்

அவசரமாக எதையும் மாற்ற வேண்டாம். கடைசியாக எழுதிய சோதனைத் தாள்களைக் கேட்டு வாங்குங்கள். மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். தப்பான கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டு முடித்து அமைதியாக இருக்கும் ஒரு நேரத்தில், புத்தகம் இல்லாமல் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். கடிகாரம் வைக்க வேண்டாம்.

இப்போது மூன்றில் ஒன்று நடக்கும். மண்டபத்தில் விட்ட கேள்வியை வீட்டில் சரியாகச் செய்துவிட்டால், பாடம் தெரிந்திருக்கிறது, பதற்றமோ நேரமோதான் மதிப்பெண்ணைத் தின்றிருக்கிறது. வீட்டிலும் செய்ய முடியவில்லை, ஆனால் கேள்வியைத் தமிழில் சொன்னதும் "ஓ, இதுவா" என்று செய்துவிடுகிறான் என்றால் குறை மொழியில். தமிழில் சொல்லியும் புரியவில்லை என்றால் பாடமே போய்ச் சேரவில்லை. அது இரண்டாம் படிவத்திலேயே விட்டுப்போன ஒன்றாகக்கூட இருக்கலாம்.

மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பதற்றத்தால் தவறவிடும் பிள்ளைக்குக் கூடுதல் டியூஷன் வைத்தால் பதற்றம்தான் கூடும். அடிப்படை விட்டுப்போன பிள்ளைக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்தால் அமைதியாக பெயில் ஆவான். இதனால்தான் இந்தப் படியைத் தாண்டக்கூடாது என்கிறேன். பெற்றோருக்குப் பாடம் தெரியாவிட்டால் பரவாயில்லை. படித்த அண்ணன், அக்கா, பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரையாவது உட்கார வைத்தால் போதும்.

ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாகச் செய்யுங்கள். ஒரே பிள்ளைக்குக் கணிதத்தில் பதற்றமும் வரலாற்றில் மொழிக்குறையும் இருப்பது சாதாரணம்.

இரண்டாம் படி: தூக்கத்தைத் திரும்ப வாங்குங்கள்

பதின்ம வயதினருக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளையின் நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளிப் பேருந்து ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடும், அதற்காக ஐந்து மணிக்கு எழ வேண்டும். பேருந்து ஒவ்வொரு தாமானாக (குடியிருப்பாக) சுற்றி இறக்கிவிட்டு வீடு வந்து சேர மாலை நாலு ஆகும். ராத்திரி எட்டிலிருந்து பத்துவரை டியூஷன். அப்புறம் பள்ளி வேலை, கொஞ்சம் போன். பன்னிரண்டுக்குப் படுத்தால் ஐந்து மணி நேரம்தான் தூக்கம்.

படித்ததை மூளை நிலைப்படுத்துவது தூக்கத்தில்தான். தூக்கம் குறையும்போது கவனமும் குறைகிறது, கோபமும் அழுகையும் சீக்கிரம் வருகின்றன. அதைப் பார்த்து நாம் "திமிர்" என்கிறோம்.

பேருந்து நேரத்தை மாற்ற முடியாது, படுக்கும் நேரத்தை மாற்றலாம். பத்தரைக்கு விளக்கணைப்பு என்று வீட்டுக்கே ஒரு சட்டம் வையுங்கள், போன்கள் எல்லாம் அம்மா அப்பாவின் போன் உட்படக் கூடத்தில் சார்ஜ் ஆகட்டும். பள்ளிவிட்டு வந்ததும் அரை மணி நேரம் தூங்கினால் தப்பில்லை, அதற்கு மேல் போனால் இரவுத் தூக்கம் கெடும். இன்னொன்று: பெண் பிள்ளைகளிடம் பாத்திரம், துணி, தம்பிக்குச் சாப்பாடு என்று விட்டுவிட்டு, "படிக்க நேரமில்லையா?" என்று கேட்பது நியாயமே இல்லை. ஐந்தாம் படிவத்து வருஷத்திலாவது வீட்டுவேலையை ஆண் பிள்ளைக்கும் பிரித்துக் கொடுங்கள்.

மூன்றாம் படி: மலாய்மொழிக் குறையைத் தனியாகப் பாருங்கள்

தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்த பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் வகுப்பறையே மாறிவிடுகிறது. அறிவியல், வரலாறு, புவியியல் எல்லாம் மலாயில். போதிய மலாய் இல்லாதவர்கள் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் இருந்துவிட்டு முதலாம் படிவத்துக்குப் போகிறார்கள். அந்த ஒரு வருஷம் வீணாகவில்லை. நம் ஆட்களே அதைக் கேலி செய்வதுதான் பிள்ளையை உடைக்கிறது. "ஒரு வருஷம் பின்னாடி" என்ற எண்ணத்தோடு ஐந்தாம் படிவம்வரை வாய்திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு.

மலாய்க்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், எஸ்.பி.எம். சான்றிதழ் கையில் கிடைக்க மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். மற்ற பாடங்களில் எத்தனை ஏ எடுத்தாலும் இந்த இரண்டில் ஒன்று போனால் சான்றிதழ் இல்லை. வரலாற்றுத் தாளும் மலாயில்தான். ஆக, மொழியில் ஏற்படும் ஓட்டை இரண்டு கட்டாயப் பாடங்களையும் தொடுகிறது. பிள்ளையின் பயம் பாதி இங்கேதான் குடியிருக்கிறது.

நடைமுறையில் என்ன செய்யலாம்? முதலில் கேள்விச் சொற்கள். "ஞாத்தாக்கான்" என்று கேட்டால் ஒரு வரியில் சொன்னால் போதும். "ஹுராய்கான்" என்று கேட்டால் விரித்து எழுத வேண்டும். "பண்டிங்கான்" என்றால் இரண்டையும் ஒப்பிட வேண்டும். இதை அறியாமல் ஒரு வரிக் கேள்விக்கு அரைப் பக்கம் எழுதி நேரத்தை இழப்பவர்கள் நிறைய. இப்படிச் சில சொற்களை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினால் போதும். அடுத்து, ஒவ்வொரு நாளும் கால் மணி நேரம் மலாய்ச் செய்தியைச் சத்தமாக வாசிக்கட்டும். வரலாற்றுப் பாடத்தை முதலில் தமிழில் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு அதையே மலாயில் ஐந்து வாக்கியத்தில் எழுதட்டும். புரிந்த பிறகு எழுதுவதும் புரியாமல் மனப்பாடம் செய்வதும் வேறு வேறு. மனப்பாடம் செய்தது பதற்றத்தில் ஒரு சொல் மறந்தாலும் மொத்தமும் போய்விடும்.

"சுமை குறையட்டும், தமிழை விட்டுடு" என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பல பிள்ளைகளுக்குத் தலைநிமிர்ந்து உட்காரக் கிடைக்கும் ஒரே பாடம் தமிழ்தான், அந்தத் தெம்பு மற்றப் பாடங்களுக்கும் போகிறது. பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்றால், குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் சேர்ந்து கேட்டால் நடத்தலாம் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே இடம் தருகிறது. வகுப்பு முடிந்து வர வாகனத்தைப் பெற்றோர்கள் பங்கு போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: படிக்கும் விதத்தை மாற்றுங்கள்

"படிச்சுட்டேன்" என்று பிள்ளை சொல்வது பெரும்பாலும் நாலு தடவை வாசித்துவிட்டேன் என்பதுதான். வண்ணப் பேனாவால் கோடு போட்டு வாசிக்க வாசிக்கத் தெரிந்த மாதிரியே இருக்கும். மண்டபத்தில்தான் தெரியாதது தெரியும்.

ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு குழு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தது, இன்னொரு குழு வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது வாசித்த குழு முன்னே நின்றது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்த குழுவே அதிகம் நினைவில் வைத்திருந்தது. எஸ்.பி.எம். ஐந்து நிமிஷத்தில் வருவதில்லை.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். ஒரு பகுதியை ஒருமுறை கவனமாக வாசிக்க வேண்டும். புத்தகத்தை மூட வேண்டும். வெற்றுத்தாளில் நினைவுக்கு வந்ததை எழுத வேண்டும். திறந்து பார்த்து, விட்டதைச் சிவப்பில் சேர்க்க வேண்டும். அடுத்த நாளும், மூன்றாம் நாளும், அடுத்த வாரமும் அதே பகுதியை வெற்றுத்தாளில் தொட வேண்டும். இது வாசிப்பதைவிடக் கஷ்டமாக இருக்கும், பிள்ளை முனகும். விட்டுக்கொடுக்காதீர்கள். இதில் இன்னொரு பலன் உண்டு: வீட்டிலேயே தினமும் சின்னச் சின்னச் சோதனைக்குப் பழகியவனுக்குப் பெரிய சோதனையின் பயம் குறையும்.

பள்ளி நடத்தும் முன்னோட்டத் தேர்வான ட்ரையலுக்கு முன்னால் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை, கடந்த ஆண்டு வினாத்தாளை முழு நேரத்துக்கு, போன் இல்லாமல், எழுந்து போகாமல் எழுதட்டும். வீட்டில் சத்தமாக இருந்தால் கோயில் மண்டபத்திலோ பாலாய்ராயா என்ற பொதுமண்டபத்திலோ நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து உட்காரலாம். மண்டபச் சூழல் பழகவும் இது உதவும்.

ஐந்தாம் படி: டியூஷனைக் குறைக்கத் துணியுங்கள்

எத்தனை டியூஷன் என்பதைவிட எதற்காக டியூஷன் என்று கேளுங்கள். முதல் படியில் கண்ட ஓட்டையை எது அடைக்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது என்பதற்காக வைத்தவற்றை நிறுத்துங்கள். பணம் ஒரு கவலை என்றால், 1982 முதல் நம் சமூகத்தின் மாணவர்களுக்காக வகுப்பு நடத்திவரும் ஸ்ரீ முருகன் நிலையம் போன்ற அமைப்புகளின் வகுப்பு உங்கள் ஊர்ப்பக்கம் நடக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். பள்ளி ஆசிரியர்களையும் கேளுங்கள். ஓய்வு நேரத்தில் சொல்லிக்கொடுக்கத் தயங்காதவர்கள் இருக்கிறார்கள், கேட்கத்தான் ஆள் வேண்டும்.

ஆறாம் படி: வீட்டுப் பேச்சு

இந்தப் படிக்குக் காசு செலவில்லை, ஆனால் எல்லாவற்றிலும் கஷ்டமானது இதுதான்.

"நாங்க ரப்பர் மரம் வெட்டிக் கஷ்டப்பட்டோம், நீயாவது..." என்று தொடங்கும் வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை. பனியில் வெளிக்காட்டுக்குப் போய்ப் பால் சுமந்த தாத்தா பாட்டியின் உழைப்பும், ஃபேக்டரியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்கும் அம்மாவின் கால்வலியும் உண்மை. அதைப் பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும், சாதாரண நாளில், கதையாக. மதிப்பெண் வந்த நாளில் அதை எடுத்துச் சொன்னால், மூன்று தலைமுறைக் கடனை ஒரே கணிதத் தாளில் அடைக்கச் சொல்வதாகத்தான் அந்தப் பிள்ளைக்குக் கேட்கும்.

திருவிழாவில், கல்யாண வீட்டில், உறவினர்கள் "எத்தனை ஏ?" என்று கேட்பார்கள். பதில் சொல்லும் பொறுப்பைப் பிள்ளையிடம் விடாதீர்கள். "நல்லா முயற்சி பண்றான் மாமா, ரிசல்ட் வந்ததும் நானே சொல்றேன்" என்று நீங்களே முடித்துவிடுங்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளை அதை வாழ்நாள் முழுக்க மறக்காது.

கேட்கும் கேள்வியையும் மாற்றலாம். "எவ்வளவு எடுத்தே?" என்பதற்குப் பதிலாக, "இன்னிக்கு எது புரியல, ஐயா?" என்று கேளுங்கள். முதல் வாரம் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். மூன்றாவது வாரத்தில் ஏதாவது வரும். வந்ததும் அறிவுரை சொல்லக் கிளம்பாமல் கேட்டுக்கொண்டால் அடுத்ததும் வரும்.

ஏழாம் படி: சோதனை நாள்

முந்தின இரவு புதிய பாடம் வேண்டாம். அடையாள அட்டை, தேர்வுச் சீட்டு, பேனா எல்லாம் பையில் இருக்கட்டும். காலையில் கட்டாயம் பசியாற வேண்டும். வெறும் வயிற்றில் காப்பி மட்டும் குடித்தால் படபடப்பு கூடும். பேருந்து தவறினால் யார் கொண்டுபோய் விடுவது என்று முதல் நாளே பேசி வையுங்கள்.

மண்டபத்துக்குப் போகும் முன் பத்து நிமிஷம் கிடைத்தால், மனத்தில் இருக்கும் பயத்தை ஒரு தாளில் அப்படியே எழுதட்டும். யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிக் கிழித்துவிடலாம். ராமிரெஸ், பெய்லாக் என்ற ஆய்வாளர்கள் 2011ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி எழுதிவிட்டுப் போன பதற்றக்கார மாணவர்களின் மதிப்பெண் கூடியது. நம் சின்னப் பலகையிலிருந்து கவலையைத் தாளுக்கு இறக்கி வைப்பதுதான் இது.

உள்ளே மூளை வெறுமையாகிவிட்டால் செய்ய வேண்டியதை வீட்டிலேயே ஒத்திகை பார்க்க வேண்டும். பேனாவைக் கீழே வைக்க வேண்டும். மூச்சை இழுத்ததைவிட நீளமாக, மெதுவாக வெளியே விட வேண்டும், நாலைந்து முறை. அந்தக் கேள்வியைத் தாண்டி, நிச்சயம் தெரிந்த ஒரு கேள்வியைச் செய்ய வேண்டும். ஒரு விடை சரியாக வந்ததும் அடுத்தது தானாக வரத் தொடங்கும். தாள் முடிந்து வெளியே வந்ததும் நண்பர்களோடு விடை ஒப்பிடக்கூடாது. அடுத்த நாள் தாளை அது கெடுத்துவிடும்.

எட்டாம் படி: இது சோதனைப் பயத்தைத் தாண்டிவிட்டால்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை அல்லது எந்நேரமும் தூக்கம், சாப்பாடு பிடிக்கவில்லை, பிடித்த பந்தாட்டமும் பிடிக்கவில்லை, ஒவ்வொரு காலையும் வயிற்றுவலி, பள்ளிக்குப் போகாமல் எங்கோ திரிவது, கையில் கீறல்கள், "நான் இல்லாம இருந்தா நல்லது" என்பது போன்ற பேச்சு: இவற்றில் எது தெரிந்தாலும் படிப்பை ஓரமாக வையுங்கள். கயிறு கட்டுவதும் அர்ச்சனை செய்வதும் உங்கள் மனத்துக்குத் தெம்பு தரும் என்றால் செய்யுங்கள், அத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

முதலில் பள்ளியின் ஆலோசக ஆசிரியர். "கவுன்சலிங் ரூமுக்குப் போனா பைத்தியம்னு சொல்வாங்க" என்று பிள்ளை தயங்கினால், நீங்கள் கூடவே போய் உட்காருங்கள். அடுத்தது கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்கச் சுகாதார நிலையம். குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான், மருத்துவர் பார்த்துவிட்டுத் தேவையானால் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார். தொலைபேசியில் பேச: சுகாதார அமைச்சின் ஹீல் 15555, 24 மணி நேரமும் இயங்கும் தாலியான் காசே 15999, பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-76272929.

உயிரை மாய்க்கும் எண்ணம் இருக்கிறதா என்று பிள்ளையிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்காததால்தான் பிள்ளை தனியாக அதைச் சுமக்கிறது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், மருந்து, களைக்கொல்லி எல்லாவற்றையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். "போலீஸ் கேஸ் ஆயிடுமோ" என்று பயந்து மறைக்க வேண்டியதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023ல் நீக்கப்பட்டுவிட்டது.

ரிசல்ட் வந்த பிறகு

அந்த நாளில் முடிந்தால் அம்மா அப்பா இருவரில் ஒருவர் வேலைக்கு லீவு போட்டுக் கூடப் போங்கள். ஸ்லிப்பைப் பிள்ளை முதலில் பார்க்கட்டும். எதிர்பார்த்தது வரவில்லை என்றால் வீட்டுக்கு வந்து சாப்பிட வையுங்கள், அன்றைக்கு வேறு எதுவும் பேச வேண்டாம். மறுநாள் பள்ளிக்குப் போய் ஆலோசக ஆசிரியரோடு உட்காருங்கள். மலாய்மொழியோ வரலாறோ போயிருந்தால் மறுதேர்வுக்கு எப்போது பதிவு என்று கேளுங்கள். மற்றவர்கள் ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், பொலிடெக்னிக், கொலேஜ் கொமுனிட்டி (சமூகக் கல்லூரி), தொழிற்பயிற்சி நிலையம் ஒவ்வொன்றுக்கும் என்ன கேட்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தின் இறுதி நாளை நாள்காட்டியில் வட்டமிடுங்கள். வீட்டில் இணையம் சரியாக இல்லாவிட்டால் பள்ளியிலேயே உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு வாருங்கள்.